வர்ணக் கட்டை கற்றுத் தரும் பாடம்

பிள்ளைகள் உள்ள வீடென்றால் அந்தக் கட்டையும் எங்காவது கிடக்கும். அலுமாரியின் மேலே, தையல் மெஷின் லாச்சிக்குள்ளே, இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியிலே. ஆறு பக்கம், ஆறு நிறம், ஒரு பக்கத்துக்கு ஒன்பது சதுரம். அதற்கு 'ரூபிக்ஸ் கியூப்' என்று பெயர். கடையில் வாங்கும்போது நிறங்களெல்லாம் ஒழுங்காக இருக்கும். வீட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடம் கலைந்துவிடும். பிறகு அது ஒழுங்குக்கு வருவதே இல்லை! "காசைக் கொடுத்துத் தலைவலியை வாங்கினேன்" என்று முணுமுணுத்தபடி நாம் அதை ஓர் ஓரமாக வைத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு அது கத்தாரிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்யும் மாமா, என் ராத்தாவின் மகளுக்கு அனுப்பிவைத்த அன்பளிப்பு. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஹட்டன் டவுன் முழுவதும் ஊரடங்கில் அடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் பன்னிரண்டு வயதான அந்தப் பிள்ளை, கட்டையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் இருந்த தாளின் அம்புக்குறிகளைப் பார்த்தே ஒவ்வொரு தட்டாகச் சேர்க்கப் பழகிக்கொண்டாள். முதல் தட்டு வந்தது. இரண்டாவது தட்டும் வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, ஆறு கிழமை! கலைப்பாள், மறுபடி சேர்ப்பாள், அதே இடத்தில் வந்து நிற்பாள்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு கட்டையை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு மூளை இல்லை சாச்சி. என்னால ஏலாது."

அவள் தோற்றதற்குக் காரணம் அவள் அல்ல, நான்தான். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், ஐம்பது வருடமாக உலகம் கையிலிருந்து கீழே வைக்காத இந்தச் சின்னப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வாத்தியார் செய்த மரக்கட்டை

1974-ஆம் ஆண்டு. ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். அங்கே ஒரு கலைக் கல்லூரியில் எர்னோ ரூபிக் என்ற இருபத்தொன்பது வயது ஆசிரியர் வடிவமைப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். துண்டு துண்டான கட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்க வேண்டும், ஆனால் எல்லாப் பக்கமும் சுழலவும் வேண்டும், கழன்று விழக்கூடாது. இது எப்படி முடியும் என்பதுதான் அவர் மனதைக் குடைந்த கேள்வி. மரத்தை அறுத்துத் தன் கையாலேயே ஒன்றைச் செய்தார். ஆறு பக்கத்துக்கும் ஆறு நிறம் கொடுத்தார். சும்மா நாலு தடவை திருப்பினார். நிறங்கள் கலைந்தன.

அப்போதுதான் அவருக்கே திகைப்பு. கலைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவருக்குத் தெரியவில்லை! தான் செய்த கட்டையைத் தானே சேர்க்க அவருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் பிடித்தது. செய்தவருக்கே ஒரு மாதம் என்றால், நம் வீட்டுப் பிள்ளை தடுமாறுவதில் என்ன அதிசயம்?

கட்டையின் உள்ளமைப்பை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியில் தெரிவது 26 துண்டுகள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு நிறத்தோடு நிற்பவை ஆறு. இரண்டு நிறம் கொண்ட ஓரத் துண்டுகள் பன்னிரண்டு. மூன்று நிறம் கொண்ட மூலைத் துண்டுகள் எட்டு. உள்ளே ஆறு கைகளோடு ஓர் அச்சு இருக்கிறது. நடுத்துண்டுகள் ஆறும் அந்தக் கைகளில் பூட்டப்பட்டவை. அவை நின்ற இடத்திலேயே சுழலுமே தவிர, இடம் மாறுவதில்லை. வழக்கமான கட்டையில் வெள்ளைக்கு எதிர்ப்புறம் எப்போதும் மஞ்சள், நீலத்துக்கு எதிர்ப்புறம் பச்சை, சிவப்புக்கு எதிர்ப்புறம் செம்மஞ்சள். ஆகவே, எந்தப் பக்கம் எந்த நிறமாக வேண்டும் என்பதை நடுத்துண்டே சொல்லிவிடும். இது தெரியாமல்தான் நம்மில் பலர், "ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் போய்விடுகிறதே" என்று அலுத்துக்கொள்கிறோம்.

பகடை அல்ல இது

ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "பகடை மாதிரி இருக்கிறதே, இது நமக்கு ஆகுமா?"

நியாயமான கேள்வி. பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று யோசிப்பது தாயின் கடமைதான். ஆனால் பகடைக்கும் இதற்கும் உருவத்தில் மட்டுமே ஒற்றுமை. பகடை உருண்டு எந்தப் பக்கம் விழும் என்பது எறிகிறவர் கையில் இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பிக் காசைக் கட்டும் சூதாட்டம் நமக்கு ஹராம். இந்தக் கட்டையில் அதிர்ஷ்டம் நுழைய வழியே இல்லை. எத்தனை ஆயிரம் தடவை குருட்டாம்போக்கில் திருப்பினாலும் அது தானாகச் சேராது.

ஏன் சேராது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்தக் கட்டை கலைந்து நிற்கக்கூடிய நிலைகள் எத்தனை தெரியுமா? 43,252,003,274,489,856,000. அதாவது நான்கு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் கோடிக் கோடிக்கும் மேல்! வினாடிக்கு ஒரு நிலை வீதம் பார்த்துக்கொண்டே போனால், முடிக்க ஒரு இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் எவ்வளவு மோசமாகக் கலைந்திருந்தாலும் அதை இருபது திருப்பங்களுக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கணினிகளின் துணையோடு நிரூபித்தார்கள். ஒரே கணினியில் செய்திருந்தால் 35 ஆண்டுகள் ஓட வேண்டிய கணக்கு அது.

கட்டை நம்மை ஈர்ப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கலைந்து கிடக்கும் விதத்துக்கு எல்லையே இல்லை. திரும்பி வரும் வழியோ எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது.

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த விளையாட்டும் தொழுகை நேரத்தை விழுங்கினால் அது கேடுதான். கைபேசி விளையாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள், "இன்னும் ஒரே நிமிஷம் உம்மா" என்பார்கள், நிறுத்தினால் தோற்றுவிடுவார்கள் என்பதால். கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. பாங்கு சொன்னதும் கீழே வைக்கலாம். திரும்பி வரும்வரை அது வைத்தபடியே இருக்கும்.

அல்குவாரிஸ்மியின் பெயர்

கட்டையைச் சேர்ப்பதற்கு ஒழுங்கான திருப்பல் வரிசைகள் உண்டு. 'வலப்பக்கம் மேலே, மேல்தட்டு இடப்பக்கம்' என்பது போல. உலகமெங்கும் இந்த வரிசைகளுக்கு 'அல்கோரிதம்' என்று பெயர். பிள்ளைகள் செல்லமாக 'அல்கோ' என்பார்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அல்மஃமூன் ஆட்சியில், பக்தாதின் 'பைத்துல் ஹிக்மா' என்ற அறிவு மன்றத்தில் பணியாற்றிய முஸ்லிம் கணித மேதை முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. அவர் எழுதிய கணித நூலின் பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்ற சொல்தான் இன்று பாடசாலையில் படிக்கும் 'அல்ஜீப்ரா'. அவருடைய பெயரை ஐரோப்பியர்கள் இலத்தீன் மொழியில் 'அல்கோரிட்மி' என்று எழுதினார்கள். அதுவே 'அல்கோரிதம்' ஆயிற்று. ஒரு சிக்கலைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, படி மாறாமல் செய்து முடிக்கும் முறைக்கு அந்த மேதையின் பெயரே நிலைத்துவிட்டது. நம் பிள்ளைகள் விளையாட்டாக உச்சரிக்கும் சொல்லுக்குள் நம் முன்னோர் ஒருவரின் பெயர் இருப்பது பெருமையல்லவா?

ஒரு வரிசையை இங்கேயே செய்து பார்க்கலாம். நிறம் சேர்ந்த கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வலப்பக்கத் தட்டை உங்கள் முன்னிருந்து மேல்நோக்கி ஒரு கால் சுற்றுத் திருப்புங்கள். இரண்டாவதாக, மேல்தட்டின் முன்பகுதி இடப்பக்கம் போகும்படி ஒரு கால் சுற்று. மூன்றாவதாக, வலப்பக்கத்தைக் கீழ்நோக்கி ஒரு கால் சுற்று. நான்காவதாக, மேல்தட்டை மறுபடி வலப்பக்கமாக ஒரு கால் சுற்று. இந்த நான்கும் சேர்ந்தது ஒரு வரிசை. இதையே மாறாமல் ஆறு முறை செய்யுங்கள்.

மூன்றாவது முறையில், "ஐயோ, கெடுத்துவிட்டேனே" என்று கை நடுங்கும். நிறுத்தாதீர்கள். ஆறாவது முறை முடியும்போது கட்டை பழையபடி ஒழுங்காக நிற்கும்! ஸப்ர் என்பதை நாம் வாயால் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை அதைத் தன் கையாலேயே தொட்டுப் பார்க்க இது ஒரு வழி. பாதி வழியில் பார்த்தால் எல்லாம் பாழானதுபோல் தோன்றும், முடிவு வரை போகிறவருக்குத்தான் ஒழுங்கு தெரியும்.

விரல்களின் ஞாபகம்

பழகிய பிள்ளைகள் கட்டையைத் திருப்பும்போது கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் யோசிப்பதுபோலவே தெரியாது. "அடுத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். கையில் கொடுத்தால் விரல்கள் தாமாகச் செய்யும்.

மலையகத்தில் இருக்கும் நமக்கு இது புதுமை அல்ல. கொழுந்து மலையில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அவர்களோ பக்கத்து நிரையில் நிற்பவரோடு பேசிக்கொண்டே இரண்டு கையாலும் பறித்துக் கூடையில் போடுகிறார்கள். முற்றிய இலை விரலுக்கே தெரிந்துவிடும். ரொட்டி மாவின் பதம் நம் கைக்குத் தெரிவதும் அப்படித்தான். திரும்பத் திரும்பச் செய்தால் அறிவு விரலுக்குள் இறங்கிவிடுகிறது. சென்னையைச் சேர்ந்த இளையராம் சேகர் என்ற இளைஞர் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தண்ணீருக்குள் மூச்சை அடக்கி, 2 நிமிடம் 17 வினாடியில் ஆறு கட்டைகளைச் சேர்த்துக் கின்னஸில் இடம்பெற்றார். விரல்கள் பழகியிராவிட்டால் அது நடக்கிற காரியமா?

மோகம் போனது, கட்டை நின்றது

இந்தக் கட்டை ஹங்கேரிக் கடைகளுக்கு 1977-இல் வந்தது. 1980-இல் ஓர் அமெரிக்கக் கம்பனி அதற்கு ரூபிக்கின் பெயரைச் சூட்டி உலகமெங்கும் விற்றது. பத்துக் கோடிக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. 1982 ஜூன் மாதம் புடாபெஸ்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மின் தாய் என்ற பதினாறு வயது மாணவர் 22.95 வினாடியில் சேர்த்து வென்றார். அதே ஆண்டிலேயே மோகமும் அடங்கியது. "இதன் காலம் முடிந்தது" என்று பத்திரிகைகள் எழுதின.

முடியவில்லை. 1990-களில் இணையம் வந்ததும், வீட்டுக்குள் தனித்தனியே கட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 2003-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் இரண்டாவது உலகப் போட்டி நடந்தது. 2004-இல் உலக கியூப் சங்கம் உருவானது. 2025 ஏப்ரலில் சீனச் சிறுவன் ஒருவன் 3.05 வினாடியில் சேர்த்தான். நாம் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள்!

இந்த மறுவாழ்வில் ஒரு பெண்ணின் பங்கு பெரியது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஜெசிகா ஃப்ரிட்ரிச் 1982 போட்டியில் கலந்துகொண்டவர். தாம் பழகிய வேகமான முறையை எழுதி 1997-இல் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்தார். பின்னர் வந்த வேகக்காரர்களில் பெரும்பாலோர் பழகியது அந்த வழியில்தான். 2003 போட்டியில் இரண்டாம் இடமும் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராகி, ஒரு புகைப்படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும் ஆய்வில் பெயர் பெற்றவர் அவர். "இதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகளின் விளையாட்டு" என்று மகளின் கையிலிருந்து பிடுங்கித் தம்பியிடம் கொடுக்கும் தாய்மார் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று ஒரு தாயின் கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2001-இல் பிறந்த மேக்ஸ் பார்க் என்ற பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது. போத்தல் மூடியைத் திறக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்காத பிள்ளை. விரல்களுக்குப் பயிற்சியாகட்டும் என்று பெற்றோர் கட்டையைக் கொடுத்தார்கள். பிள்ளை ஆர்வமாகப் பிடித்துக்கொண்டதும் போட்டிகளுக்குக் கூட்டிப் போனார்கள். வெற்றிக்காக அல்ல. வரிசையில் நிற்கவும், மற்றவரோடு கை குலுக்கவும், முறை வரும்வரை காத்திருக்கவும் பழகட்டும் என்றுதான். அந்தப் பிள்ளை 2017-இல் உலகச் சாம்பியனானார். 2023 ஜூனில் 3.13 வினாடியில் உலக சாதனையும் செய்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றி 2020-இல் ஒரு ஆவணப்படமும் வந்தது.

கட்டை திருப்பினால் கணிதத்தில் நூறு புள்ளி வரும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாப் பிள்ளையும் சாம்பியனாவதும் இல்லை. பிள்ளைக்கு எது ஏலாது என்பதைப் பார்க்காமல், எதில் கை வைத்தால் முகம் மலர்கிறது என்று அந்தத் தாய் பார்த்தாரே, அதைச் சொல்கிறேன்.

சிக்னலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்

கொரோனா நாட்களில் பாடங்கள் கைபேசிக்குள் போனது நமக்கு மறக்காது. ஒரு கைபேசிக்கு மூன்று பிள்ளைகள். லயத்துக் காம்பராவில் சிக்னல் இல்லாமல் மேட்டுக்கு ஓடிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். ஊவாவில் ஒரு மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு மரத்தின் மேல் ஏறிப் படித்த படம் 2021-இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. சார்ஜ் இல்லாத கைபேசி வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது.

அந்த இருட்டிலும் கட்டை மட்டும் ஓயவில்லை. எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து முறை வைத்துத் திருப்புவார்கள். ஒரு தொல்லை மட்டும் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும்! "இது வெள்ளையா மஞ்சளா?" என்று ஒரே சண்டை. எதிர்ப் பக்கத்துச் சுவரில் பெரிய பெரிய நிழல் விரல்கள் கட்டையைத் திருப்பிக்கொண்டிருக்கும். கஷ்டமான காலம்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பன்னிரண்டில் ஒன்று

இனி, நான் மறைத்து வைத்த கதைக்கு வருகிறேன்.

அந்தப் பிள்ளை ஆறு கிழமை போராடினாளே, அதற்கு முன்பு ஒரு நாள் நான் ஒட்டறை அடித்துக்கொண்டிருந்தேன். கை பட்டு அலுமாரி மேலிருந்த கட்டை கீழே விழுந்தது. ஓரத் துண்டு ஒன்று தெறித்துப் போனது. தேடி எடுத்து, இருந்த ஓட்டையில் அமுக்கிச் செருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. நிறங்கள் ஏற்கெனவே கலைந்து கிடந்ததால் எந்த நிறம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க ஓர் அம்மா எங்கள் கடைக்கு வந்தார். கூட அவருடைய மகன், பதினாலு வயதிருக்கும். கொழும்பில் கடையில் நின்ற அண்ணன் ஊரடங்கில் வீட்டுக்கு வந்து அவனுக்குக் கட்டை பழக்கியிருந்தார். மேசையில் கிடந்ததைக் கண்டதும், "பார்க்கலாமா அக்கா?" என்று கேட்டு எடுத்தான். சரசரவென்று திருப்பினான். பிள்ளை நின்ற அதே இடத்தில் அவனும் நின்றான். மஞ்சள் பக்கத்தின் நான்கு ஓரத் துண்டில் மூன்று சரி, ஒன்று தலைகீழ்.

அவன் யோசிக்கவே இல்லை. "இது சேராது அக்கா. யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. ரெண்டு வரும், இல்லாட்டி நாலு வரும். மூணு வரவே வராது" என்றான். பிறகு மேல்தட்டைப் பாதித் திருப்பில் நிறுத்தி, தேக்கரண்டிக் காம்பால் அந்த ஒரு துண்டை நெம்பி எடுத்து, புரட்டிப் போட்டு அமுக்கினான்.

அவன் சொன்னது சரியான கணக்கு. கட்டையை முழுதாகக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால், பன்னிரண்டில் ஒரு முறைதான் அது சேரக்கூடிய கட்டையாக அமையும். மற்றப் பதினொரு முறையும் உலகச் சாம்பியன் வந்தாலும் சேர்க்க முடியாது. ஒரே ஓர் ஓரத் துண்டு புரண்டிருந்தால், ஒரே ஒரு மூலை முறுக்கியிருந்தால், அல்லது இரண்டே துண்டுகள் மட்டும் இடம் மாறியிருந்தால், குற்றம் திருப்புகிறவரிடம் இல்லை. கட்டையிலேயே குற்றம். 1880-இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பிடித்தாட்டிய பதினைந்து எண் தட்டு விளையாட்டிலும் இதே கதைதான். 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டால், எத்தனை நாள் நகர்த்தினாலும் வராது.

அன்றிலிருந்து இரண்டாம் நாள் எங்கள் பிள்ளை ஆறு பக்கத்தையும் சேர்த்துவிட்டாள். நான் நடந்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்ப எனக்கு மூளை இருக்குதானே சாச்சி?"

அந்தக் கேள்வி இன்னும் என் மனதை உறுத்துகிறது. ஆறு கிழமையும் அவள் தன்னையே அல்லவா குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்! 'கட்டையில் ஏதும் கோளாறு இருக்குமோ' என்று ஒரு பெரியவர்கூடச் சொல்லவில்லை. "இன்னும் கவனமாகச் செய்" என்றோம். "பொறுமை வேண்டும்" என்றோம். பொறுமை அவளிடம் இருந்தது. சரியான கட்டைதான் இல்லை.

பரீட்சையில் புள்ளி குறைந்தால் நாம் பிள்ளையைத்தான் பிடிக்கிறோம். கரும்பலகை தெரியாத கண்ணா, பாடம் நடத்த ஆசிரியர் இல்லாத வகுப்பா, விளங்காத மொழியா என்று யார் பார்க்கிறோம்? எங்கள் மலையகத்தில் தோட்டப் பாடசாலைகள் 1970-களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை பல காலமாகத் தொடரும் துயரம். அந்தப் பாடசாலைகளிலிருந்து தோற்று வந்த பிள்ளைகளை, "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று டவுனில் இருக்கும் நாமும் சொல்லியிருக்கிறோம். எங்கள் மேசையில் கிடந்த கட்டையின் பிழையைக் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான். கழற்றி மாட்டிய கட்டையைக் கையில் கொடுத்துவிட்டு மூளை இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

வாங்குமுன் சில வார்த்தை

ஸ்டிக்கர் ஒட்டிய கட்டை நுவரெலியா, ஹட்டன் ஈரத்துக்குத் தாங்காது. ஓரம் கிளம்பி உரிந்துவிடும். பிளாஸ்டிக்கே நிறத்தோடு வரும் கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். உரிந்த ஸ்டிக்கரை இடம் மாற்றி ஒட்டினாலும் கட்டை சேராமல் போய்விடும்.

இறுக்கமாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் குளிருக்கு அது உள்ளேயே உறைந்துவிடும். வாசலின் போன்றவையும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. சிலிக்கோன் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். நல்ல கட்டைகளில் நடுத்துண்டின் மூடியைத் திறந்தால் திருகாணி இருக்கும். அதை ஆறு பக்கமும் ஒரே அளவாகத் தளர்த்தலாம்.

அழுக்கானால் துண்டுகளைக் கழற்றி, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். மாட்டும்போது நிறம் சேர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் கழன்ற துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

பிள்ளை எங்கே நின்றுவிட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குச் சேர்க்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறதென்றால் முதலில் கட்டையைப் பாருங்கள், பிறகு பிள்ளையைப் பாருங்கள்.

ஐம்பது வருடமாக இந்தக் கட்டை நிலைத்து நிற்பதற்கு நான் கண்ட காரணம், அது கலைத்தவரை ஏமாற்றுவதில்லை என்பதுதான். அதன் சொந்தத் திருப்பங்களால் எவ்வளவு கலைந்தாலும் அதே திருப்பங்களால் திரும்பி வர அதற்கு வழி உண்டு. வெளியிலிருந்து ஒரு கை அதைப் பிழையாக மாட்டினால் மட்டுமே வழி அடைபடுகிறது. அந்தக் கை நம்முடைய கையாக இருக்காமல் பார்த்துக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள அறிவையும், அவர்களை வளர்க்கும் நமக்கு நிதானத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.